காஜாவும் கோட்டுப் பூவும்

வாடகைக் கோட்டுக் கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கு எந்தக் கல்யாணத்திலும் பந்தியில் இடம் கிடைக்காது. ஆனால் எல்லாக் கல்யாணத்துச் சாம்பாரும் மறுநாள் காலை கறையாகக் கைக்கு வந்து சேர்ந்துவிடும். சலவைக் கடை, தையல் கடை, பாத்திர வாடகைக் கடை என்று அடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குப் பின்னால் நின்று துடைக்கிற தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. மற்றவர்கள் நம்பாமல் போனாலும் எனக்கு வருத்தமில்லை. எனக்கே சில சமயம் நம்ப முடியவில்லை.

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு சந்தில் எங்கள் கடை. ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளைகள் போடுகிற கோட்டு சூட்டை வாடகைக்கு விடுகிறோம். முதலாளி பாஸ்கருக்கு என் மகன் வயது. அளவு பார்ப்பது, பேசுவது, சிரிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. என் பெயர் சரோஜா. ஐந்தாவது வரை படித்தவள். திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன், ஹெம்மிங், காஜா மூன்றும் பார்க்கிறேன். ஆட்களோடு பேச எனக்குக் கூச்சம். துணியோடு அந்தக் கூச்சம் கிடையாது. கடையில் மொத்தம் நாற்பத்திரண்டு கோட்டு. எதில் எத்தனை பட்டன், அதில் எது மாற்றிப் போட்டது என்று பார்க்காமலே சொல்வேன்.

இரண்டு வார்த்தைகளை முதலில் பிரித்து வைத்துவிடுகிறேன். காஜா என்பது பட்டன் நுழைகிற துளை. துணியை வெட்டினால் மட்டும் காஜா ஆகிவிடாது. ஓரம் முழுக்க நெருக்கமாக நூல் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் அதற்குப் பெயர் கிழிசல். கோட்டின் இடது பக்கக் காலர் மடிப்பிலும் ஒரு காஜா உண்டு. எதிரே பட்டன் இருக்காது. அது பூ செருகுவதற்கு. அதில் செருகுகிற பூவைப் பூக்கடைக்காரர்கள் கோட்டுப் பூ என்பார்கள். எங்களிடம் வருகிறவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். “காஜாவும் சேர்த்துத்தானே வாடகை?” என்று பூவைக் கேட்டவர்கள் உண்டு. பூ எங்களுடையது அல்ல, காஜா மட்டும்தான் எங்களுடையது என்று பாஸ்கர் தினமும் விளக்குவார்.

அந்தக் காஜாவும் வாடகைக் கோட்டுகளில் பெரும்பாலும் ஒப்புக்குத்தான். மெஷினில் சுற்றித் தையல் ஓட்டிவிட்டு நடுவில் வெட்டாமலே விட்டிருப்பார்கள். மாப்பிள்ளைகளும் பூவைக் குண்டூசியால் குத்திக்கொண்டு போய்விடுவார்கள். இளங்கோ வரும்வரை யாரும் அதில் குறை கண்டதில்லை.

வெட்டாத காஜா

இளங்கோ பூதலூர்ப் பக்கத்துப் பிள்ளை. நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறார். அகலமான தோள். அந்தத் தோளுக்கு எங்கள் கடையில் ஒரே கோட்டுதான் உண்டு, சந்தன நிறத்தில். போட்டதும் உடம்போடு உட்கார்ந்தது. கண்ணாடியில் பார்த்துச் சிரித்தவர், காலர் மடிப்பில் விரலை வைத்துத் தேடினார். “அண்ணே, இதுல பூ உள்ள போகாதா?” என்றார். “குண்டூசி குத்திக்கங்க தம்பி, எல்லாரும் அப்படித்தான்” என்றார் பாஸ்கர். இளங்கோவின் முகம் விழுந்துவிட்டது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது.

பெண் கும்பகோணத்தில் டீச்சர். இரண்டு பேரும் விரும்பிச் செய்துகொள்கிற கல்யாணம். பெண்ணுக்கு அப்பா இல்லை. அண்ணன்தான் படிக்க வைத்து ஆளாக்கியவர். மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளைக்கு மாலை போட வேண்டியவர் அந்த மச்சான். அவரோ, “மெஷின் ஓட்டுறவனுக்கு மாலை போட என் கை எழும்பாது” என்று சொல்லிவிட்டார். அம்மாவும் தங்கையும் அழுது கெஞ்சிய பிறகு ஒரு படி இறங்கி வந்தார். மாலை போட மாட்டார், அழைப்புக்கும் வர மாட்டார். ரிசப்ஷன் மேடையில் ஏறிக் கோட்டில் ஒரே ஒரு பூ வைத்துவிட்டு இறங்கிவிடுவார். அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது. “அந்த ஒரு பூவுக்காவது அண்ணன் வரலைன்னா நான் மேடையில நிக்க மாட்டேன்” என்று பெண் சொல்லியிருக்கிறாள்.

திரைக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருந்த நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வெட்டிக் காஜா எடுத்துத் தருகிறேன் என்று என் வாயே சொன்னது. பாஸ்கர் என்னைப் பார்த்த பார்வையில், நல்ல கோட்டில் கத்தரிக்கோல் வைக்கிற பயத்தைவிட நான் பேசிய அதிர்ச்சிதான் அதிகம். மூடிக் கிடந்த தையலுக்கு நடுவே சின்னக் கத்தரியால் வெட்டினேன். மெஷின் நூல் அங்கங்கே பிரிந்துகொண்டு வந்தது. அதைத் தள்ளிவிட்டுப் பட்டு நூலில் கையால் முப்பத்தாறு தையல் சுற்றினேன். ஒரு பென்சிலை எடுத்து நுழைத்துக் காட்டினேன். தங்கு தடையில்லாமல் போனது. இளங்கோ அதை நாலு தடவை நுழைத்து எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“போதும் பெரியம்மா. குண்டூசியைத் தேடிக்கிட்டு நின்னா அதுக்குள்ள மச்சான் மனசு மாறிடும். வந்த வேகத்துல பூ உள்ள போயிடணும்.”

நாலு மூலை

இளங்கோவின் ரிசப்ஷனுக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் அந்தச் சந்தனக் கோட்டுக்கு வேறு மூன்று கல்யாணங்கள் முன்பதிவு ஆகியிருந்தன. முன்பணம் வாங்கிவிட்ட பாஸ்கரால் மறுக்க முடியவில்லை. முதல் கல்யாணம் முடிந்து கோட்டு திரும்பி வந்தது. மடித்திருந்ததை விரித்தேன். கீழ் ஓரத்தில் இரண்டு பக்கமும் மஞ்சள். கைமுனையில் மஞ்சள். காலர் மடிப்பில், நான் சுற்றிய முப்பத்தாறு தையலின் மேல், கட்டை விரல் அகலத்துக்கு மஞ்சள். துளைக்குள்ளேயும் கொஞ்சம் போயிருந்தது.

பாஸ்கர் சோப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். சோப்பு பட்டால் மஞ்சள் சிவந்துவிடும். சந்தனக் கோட்டில் குங்குமம் கொட்டியது போல ஆகிவிடும். வெயிலுக்குத்தான் மஞ்சள் அடங்கும். மொட்டை மாடியில் கொடியில் போட்டுவிட்டு, காக்காய் உட்காராமல் பக்கத்திலேயே குடை பிடித்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து, கோட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க இளங்கோ வந்துவிட்டார். அவரும் ஒரு ஓரமாக வந்து உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் பாதி வெளுத்தது, மறுநாள் மீதியும் போனது. கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்தது மாப்பிள்ளையின் அத்தை; அவரிடம் பாஸ்கர் மஞ்சளைப் பற்றிக் கேட்டதற்கு, அந்த அம்மாள் எங்களைத்தான் அதிர்ச்சியோடு பார்த்தாள்:

“வாடகைத் துணின்னா என்னப்பா, போடுற புள்ளைக்கு அது புதுத் துணிதானே? மஞ்சள் வைக்காம எப்படி உடுத்த விடுறது? என்ன கடை வச்சிருக்கீங்க நீங்க!”

வாழைநார்

இரண்டாவது கல்யாணம் கும்பகோணத்தில். இந்தத் தடவை பாஸ்கர், “மஞ்சள் வைக்காதீங்க, குங்குமம் வைக்காதீங்க, சந்தனம் வைக்காதீங்க” என்று சொல்லியே அனுப்பினார். வைக்கவில்லை. கோட்டு சுத்தமாக வந்தது. காஜா மட்டும் வரவில்லை. அது இருந்த இடத்தில் நூல் அறுந்து தொங்க, ஒரு வாய் பிளந்திருந்தது.

கோட்டுப் பூ கட்டிப் பழக்கமில்லாத ஒரு பூக்காரர், மூன்று ரோஜாவையும் கொஞ்சம் மருக்கொழுந்தையும் சேர்த்து, நனைத்த வாழைநாரைத் துளைக்குள் விட்டு, மாலை கட்டுவது போல முடிச்சின் மேல் முடிச்சாக இறுக்கியிருக்கிறார். நார் காய்ந்தால் எப்படி இறுகும் என்று நமக்குத் தெரியும். ராத்திரி கோட்டைக் கழற்றும்போது அது அவிழவில்லை. சமையல் ஆள் ஒருவரைக் கூப்பிட்டு அரிவாள்மனையில் அறுத்திருக்கிறார்கள். அரிவாள்மனையில்! கத்தரிக்காய் நறுக்கியதில்! பூவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைப் பத்திரமாகப் பாலிதீன் பையில் போட்டுக் கோட்டோடு சேர்த்துக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அறுந்த நூலையெல்லாம் பிரித்துவிட்டு, துணி பிரியாமல் பின்னால் ஒரு துண்டு ஒட்டுக் கொடுத்து, மறுபடியும் முதலிலிருந்து காஜா எடுத்தேன். பாஸ்கர் அந்தப் பூக்காரருக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. கொஞ்சமும் கலங்காமல் அவர் சொன்னார்:

“பூன்னா கட்டணும்ங்க. செருகி விட்டா அது எப்ப விழும்னு யாரு கண்டா? என் பூ விழுந்துச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாதில்லையா?”

மயிலாடுதுறை

மூன்றாவது கல்யாணம் மயிலாடுதுறையில். முடிந்த மறுநாள் கோட்டு வர வேண்டும். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. போன் போட்டால், “மாப்பிள்ளை விருந்துக்குப் போயிருக்காரு” என்றார்கள். கோட்டு எங்கே என்றால், “அதுவும் விருந்துக்குப் போயிருக்கு” என்றார்கள். இளங்கோவின் ரிசப்ஷனுக்கு ஒரே ஒரு நாள் இருந்தது. அவர் காலையிலிருந்து கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வா என்று பாஸ்கர் கூப்பிட்டும் வரவில்லை. “வேற கோட்டு குடுங்கண்ணே, தோள்ல கிழிஞ்சாலும் பரவாயில்லை, பூ வைக்கிற ஓட்டை இருந்தா போதும்” என்றார். மற்ற நாற்பத்தொன்றிலும் அது மூடித்தான் கிடந்தது. போட்டுப் பார்த்ததில் எதுவும் அவர் தோளுக்குள் ஏறவும் இல்லை.

பாஸ்கரும் நானும் பஸ் ஏறினோம். வீட்டைக் கண்டுபிடித்துப் போனால் வாசலில் மாப்பிள்ளையின் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இடுப்பில் எட்டு முழ வேஷ்டி, மேலே பனியன், பனியனுக்கு மேல் எங்கள் சந்தனக் கோட்டு. வெயிலில் வியர்வை ஆறாக ஓடுகிறது. வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் கைகூப்பிக்கொண்டிருக்கிறார். மகன் விருந்திலிருந்து திரும்பிக் கழற்றிப் போட்டதை எடுத்து மாட்டிக்கொண்டாராம். என் கண் போனது காலர் மடிப்புக்கு. காஜாவுக்குள் ஒரு பேனா நிற்கிறது. மூடி இல்லாத ஜெல் பேனா. காஜாவுக்குக் கீழே, சுண்டுவிரல் நீளத்துக்கு நீலமாக ஒரு கோடு இறங்கியிருக்கிறது.

“ஐயா, அது பூ வைக்கிறதுங்க” என்று பாஸ்கர் அழாத குறையாகச் சொன்னார். பெரியவர் கோட்டைக் கழற்றித் தருவதற்கு முன்னால் பேனாவை மறுபடி ஒரு தடவை நுழைத்துக் காட்டிவிட்டு, முகம் மலரச் சொன்னார்:

“பூவா? நான் கடைக்காரர் கெட்டிக்காரர்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன் தம்பி. பையில வச்சா குனியும்போது விழுந்துடும், இதுல வச்சா விழவே இல்ல பாருங்க.”

கை வைத்த மாப்பிள்ளை

மையை எடுக்கப் போனால் அது பரவும். வெளிர் துணியில் பரவினால் உள்ளங்கை அகலத்துக்குப் போகும். காஜாவை மூன்றாவது தடவையாகச் சுற்றி எடுத்தேன், வியர்வை போக ஆவியில் காட்டி இஸ்திரி போட்டேன், அந்த நீலக் கோடு மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். “பூ வச்சா இலையிலேயே மறைஞ்சிடும் தம்பி” என்று இளங்கோவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். “வச்சா மறைஞ்சிடும்” என்று மெதுவாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மச்சான் வராவிட்டால் மேடையில் பெண்ணின் கண்ணீரும் தெரியும், மாப்பிள்ளையின் நெஞ்சில் நீலக் கோடும் தெரியும்.

கல்யாணத்துக்குப் போகிற வழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்குப் போனேன். பர்சில் ஊசியும் சந்தன நிற நூலும் வைத்திருந்தேன். பாஸ்கரும் வந்தார். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். மேடையில் இளங்கோ இடது பக்க நெஞ்சில் வலது கையை வைத்தபடி நிற்கிறார். போட்டோக்காரர், “மாப்பிள்ளை, கையைக் கீழ விடுங்க. நெஞ்சு வலியா?” என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். இளங்கோ கையை எடுக்கவில்லை. பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நேரம் போகிறது. பெண்ணின் பெரியப்பா மகன் ஒருவன் மேடையில் இருந்த பூக்கூடையிலிருந்து ஒரு ரோஜாவை எடுத்து, “நானும் அண்ணன் முறைதானே, நான் வச்சு விடுறேன்” என்று முன்னால் வந்தான். பெண் அவன் கையைத் தட்டிவிட்டாள். “அண்ணன் வரட்டும்” என்றாள். அவள் அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பாஸ்கர் என் காதில், “சரோஜாம்மா, வர மாட்டாரு போலிருக்கே” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்போது வாசல் பக்கம் ஒரு சலசலப்பு. சட்டை முழுக்க வியர்வையோடு ஒருவர் வேகமாக வருகிறார். கையில் ஒற்றைப் பூ இல்லை. இரண்டு கையாலும் அணைத்தபடி வாழை இலைப் பொட்டலம் ஒன்று. யாரையும் பார்க்கவில்லை. மேடை ஏறினார். பொட்டலத்தைப் பிரித்தார். முழங்கைப் பருமனில் ரோஜா மாலை, தண்ணீர் சொட்டச் சொட்ட. இளங்கோவின் கை தானாக நெஞ்சிலிருந்து விழுந்தது. அவர் குனிந்தார்; அந்த அகலத் தோள் குனிந்ததும் மச்சானுக்கு மாலை போட வசதியாகிவிட்டது. காலர் மடிப்பு, காஜா, நீலக் கோடு எல்லாம் ரோஜாவுக்குள் போய் மறைந்தன. ஈரத்தோடு சிவப்புச் சாயம் சந்தனக் கோட்டில் இறங்க ஆரம்பித்தது. பாஸ்கர் என் கையை இறுக்கிப் பிடித்தார். நான் எழுந்திருக்கவில்லை.

பெண் அழுதுகொண்டே, “ஒரு பூதானேண்ணே வைப்பேன்னு சொன்னே?” என்று கேட்டாள். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மைக் பக்கத்தில் இருந்தது அவருக்குத் தெரியாது. அதனால் கடைசி வரிசையில் இருந்த எங்களுக்கும் கேட்டது:

“பூச்சந்தையில போய் ஒரு ரோஜா குடுங்கன்னு கேட்டேம்மா. யாருக்குன்னு கேட்டுச்சு அந்தப் பூக்கார அம்மா. தங்கச்சி மாப்பிள்ளைக்குன்னேன். ‘மாப்பிள்ளைக்கு மச்சான் ஒத்தைப் பூவாய்யா வாங்கிட்டுப் போவான்? அந்தப் புள்ளை உனக்கு என்னய்யா செஞ்சான்?’னு சந்தையே திரும்பிப் பாக்குற மாதிரி கேட்டுருச்சு. அங்கேயே நின்னு யோசிச்சுப் பாத்தேன். அவரு எனக்கு ஒண்ணுமே செய்யலை.”

தொழிலில் இருக்கிற உங்களுக்காக மொத்தக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்: மூன்று தடவை நான் எடுத்த அந்தக் காஜாவுக்குள் ஒரு பென்சிலும் கொஞ்சம் மஞ்சளும் வாழைநாரும் பேனாவும் போய் வந்தனவே தவிர, எந்த மாப்பிள்ளைக்காக எடுத்தேனோ அவருடைய பூ ஒன்றுகூட இன்றுவரை போகவில்லை.